கொடைக்கானல்: விடுதியின் விலையும் ஊரின் கொடையும்

கொடைக்கானலில் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்க, ஒரு மாதச் சம்பளத்தையே கேட்கும் விடுதிகள் இன்று உண்டு. ஏரியைப் பார்த்த அறை, பிள்ளைகள் ஓடி விளையாடப் புல்வெளி, கணப்படுப்பு, காலையில் மூடுபனி என்று அவை தரும் சுகங்களின் பட்டியல் நீளமானது. மதில்சுவருக்குள் இருப்பவற்றுக்காகத்தான் இவ்வளவு பணம் என்று கொடுப்பவரும் வாங்குபவரும் நினைக்கிறார்கள். ஊரின் கடந்த காலமோ வேறொன்றைச் சொல்கிறது. ஒரு குடும்பம் விரும்பி வந்து தங்கும் இடமாகக் கொடைக்கானலை ஆக்கியவை பொதுவில் செய்யப்பட்ட காரியங்கள். ஏரி, பாதை, பள்ளிக்கூடம், மரம், இவற்றுக்கெல்லாம் அடியில் மலைமக்களின் நிலமும் கூலிக்காரர்களின் முதுகும். சொகுசு விடுதி விற்பதில் பெரும்பங்கு அது உண்டாக்காத பொதுச்சொத்து. ஆகவே அந்தச் சொத்தைக் காக்கும் கடமையிலும் அதற்குப் பெரும்பங்கு இருக்கிறது.

1821ஆம் ஆண்டு வார்ட் என்ற நில அளவை அதிகாரி பழனிமலையில் ஏறியபோது அது ஆளில்லாத காடாக இருக்கவில்லை. காட்டில் பளியர்கள் வாழ்ந்தார்கள். பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களில் குன்னுவர்கள் படிவயல் அமைத்துப் பயிர் செய்தார்கள். வார்ட் முகாமிட்ட வெள்ளகவியும் மலைவாசிகளின் ஊர்தான். வெள்ளைக்காரக் குடும்பங்கள் இங்கே வீடு கட்டியது அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அவர்களைக் கொண்டுவந்தது உல்லாசம் அன்று, சாவுப் பயம். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தன. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவம் நம்பியதால், உயரமே மருந்தாகத் தோன்றியது. முதலில் மதுரைக்குப் பக்கத்திலிருந்த சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அது உயரம் போதாத மலை. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகுதான் சுமார் 7,000 அடி உயரத்தில் இருந்த கொடைக்கானலுக்கு வந்து, 1845இல் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மிஷன் பணத்தில், உயிர் தப்புவதற்காக எழுப்பிய வீடுகள் அவை. கொடைக்கானலில் குடும்பங்கள் வந்து தங்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த வீடுகளை எட்டுவது எளிதாக இல்லை. 1875இல் ரயில் பாதை அம்மையநாயக்கனூர் வழியாகப் போடப்பட்ட பிறகும், அங்கே இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்கு வரவேண்டும். அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான மலைப்பாதை. திடமானவர்கள் நடந்தார்கள், சிலர் மட்டக்குதிரையில் ஏறினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம், மேசை என்று வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் மனிதத் தலைமேல்தான் ஏறின. மோட்டார் போகும் மலைச்சாலை திறக்க 1910களின் நடுப்பகுதி ஆயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இந்த ஊர் கூலியாட்களின் தோளில் நின்றது. தூக்கப்பட்டவர்களில் பலரின் பெயர் சாலைகளிலும் கல்லறைகளிலும் இருக்கிறது. தூக்கியவர்களுக்கு அப்படி ஒரு நினைவுச்சின்னம் எழவில்லை.

வீடுகள் மட்டும் இருந்திருந்தால் கொடைக்கானல் ஒரு மருத்துவ முகாமாகவே நின்றிருக்கும். அதை ஊராக்கியவை பொதுப்பணிகள். மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவின்ஜ் 1863இல் ஓடைகளை மறித்து, சுமார் 60 ஏக்கர் பரப்பில் ஏரியை உண்டாக்கினார். இன்று எந்த விடுதியின் விளம்பரத்திலும் முதலில் நிற்கும் அந்த நீர்ப்பரப்பு இயற்கை தந்ததன்று. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பில் நடைபாதை வகுத்தார். பிள்ளைகளைப் படிப்புக்காகச் சிறுவயதிலேயே கடல்கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த மிஷனரிக் குடும்பங்கள், 1901இல் இங்கேயே ஒரு பள்ளி தொடங்கின. 'ஹைகிளர்க்' என்ற தங்கும் விடுதியை வாடகைக்கு எடுத்து அந்தப் பள்ளி நடந்தது. விடுதி பள்ளியான இந்த மாற்றத்தில் அக்காலத்து முன்னுரிமை தெளிவாகத் தெரிகிறது: குடும்பம் சேர்ந்திருப்பதற்கான ஏற்பாட்டை அவர்கள் கூட்டாகச் செய்துகொண்டார்கள். 1908இல் பிரையன்ட் பூங்காவும் வந்தது.

இதற்கிடையே அந்தக் குடும்பங்கள் மலைக்கு வந்த காரணமே அற்றுப்போனது. மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று 1897இல் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். கொசுவைத் தடுக்கும் வழிகளும் நல்ல மருந்துகளும் வரவர, உயிர் பிழைக்க மலையேற வேண்டிய தேவை குறைந்தது. மின்விசிறியும் குளிர்சாதனமும் வெயிலின் கொடுமையையும் தணித்தன. கூட்டம் மட்டும் குறையவில்லை, பெருகியது. சாலை வந்ததால் மாதக்கணக்கில் தங்கியது நாள்கணக்காகச் சுருங்கியது. சில நாளே தங்குபவருக்கு ஊரைப் பேணும் பொறுப்பு இல்லை. ஆகவே எல்லாம் விலைக்கு வாங்கும் சேவையாயிற்று. சொகுசு என்பது இங்கே புதிதாக முளைக்கவில்லை. தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு, தேவை போனபின் விலையேறி நிற்கிறது.

இதற்கு மறுப்பு சொல்ல இடமுண்டு. அந்தப் பொதுமை எல்லோருக்குமானதா, வெள்ளையர் தங்களுக்குள் வைத்துக்கொண்டதுதானே என்று கேட்கலாம். கேட்பது நியாயம். மதுரைச் சீமையில் அதே காலராவில் மடிந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மலைமேல் ஒரு பங்களா காத்திருக்கவில்லை. இன்றைக்குப் பணம் இருந்தால் எவரும் நுழையலாம், அது அன்றைய நிலையைவிட மேல் என்பதும் உண்மை. ஆனால் அக்காலத்தாரின் நல்ல குணத்தை அளப்பது இங்கே நோக்கமில்லை. மதிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதே கேள்வி. அது கூட்டு உழைப்பில் பிறந்தது. அந்த உழைப்பில் நம் மக்களின் பங்கே பெரிது என்பதால் இந்த மறுப்பு வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. குளிரும் பனியும் யாரும் செய்ததல்ல, பிறகென்ன பொதுச்சொத்து என்று இன்னொருவர் கேட்கலாம். மலையின் நீரைப் பிடித்துவைப்பது சோலைக்காடும் புல்வெளியும். புல்வெளிகளில் தைல மரமும் வாட்டில் மரமும் நட்டதால் நேர்ந்த கேட்டைச் சரிசெய்யும் வேலை இன்றும் முடியவில்லை. இயற்கையையும் பொதுவில்தான் கெடுக்கவோ காக்கவோ முடிகிறது. விடுதிகள் வேலை தருகின்றன என்பது மூன்றாவது வாதம். தருகின்றன, அது பெரிய நன்மைதான். ஆனால் ஏரி நாறி, ஓடை வற்றினால் அந்த வேலையும் நிலைக்காது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானபோது, வியாபாரம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. பிழைப்புக்குப் பயந்த சிறு கடைக்காரரின் கவலை மதிக்கத்தக்கது. ஆனால் மலைக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்பதை ஏற்காமல் அந்தக் கடையும் நிலைக்காது. எல்லாரிடமும் ஒரே அளவு தியாகம் கேட்பதும் நியாயமாகாது. அதிக நீரும் நிலமும் எடுத்து, ஏரியின் அழகை அதிக விலைக்கு விற்கும் விடுதிகள் கழிவுநீரைச் சுத்திகரிப்பதிலும் மழைநீரைச் சேர்ப்பதிலும் சோலையை மீட்பதிலும் முதல் பங்கை ஏற்க வேண்டும். கட்டட விதிகளை அவற்றிடம்தான் மிகக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும். அங்கே தங்கப் பணம் கட்டும் குடும்பத்துக்கும் இந்தப் பொறுப்பை விடுதியிடம் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. இதைத் தருமமாக யாரும் எண்ண வேண்டாம்; 1845இலிருந்து பலர் சேர்ந்து போட்ட முதலுக்கு, அதன் லாபத்தை இன்று எடுப்பவர்கள் கட்டவேண்டிய வட்டி இது.