லண்டன் வீடும் இடிக்கப்படும் சிம்னியும்

எங்க குந்தாரப்பள்ளி பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்புப் புகை ஓட்டு இடுக்கு வழியா தானா வெளியே போயிடும். அதனால, லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வீடு வாங்கின நம்ம ஊர் நண்பர், "ஹால்ல ஒரு செங்கல் தூண் சுவரை விட்டு ஒரு அடி தள்ளிகிட்டு நிக்குது மச்சி, இடிச்சா சோபா போட்டுக்கலாம்"னு போட்டோ அனுப்பினப்ப முதல்ல விளங்கல. அது தூண் இல்ல, சிம்னி. வெள்ளைக்காரன் அந்தப் பகுதிக்கு 'சிம்னியின் மார்பு'ன்னு பேர் வெச்சிருக்கான் :-)

அந்த நாட்டில் கணப்பு அடுப்புக்கு வரியே இருந்திருக்கிறது. 1662ல் ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். ஆளுங்க வீட்டுக்குள்ள வந்து எண்ணுவாங்களாம். ஜனங்க வெறுத்த வெறுப்புல 1689ல் எடுத்துட்டாங்க. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் அறைக்கு அறை கரி அடுப்பு. கீழ்வீடு, மாடி ரெண்டோட புகைக்குழாயும் ஒரே செங்கல் கட்டுக்குள்ள ஏறி கூரைக்கு மேல போகும். 1952 டிசம்பரில் கரிப்புகையும் மூடுபனியும் சேர்ந்து 5 நாள் லண்டனை மூடி, ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்க. அப்புறம்தான் 1956ல் காற்றுச் சுத்தத்துக்குச் சட்டம். கரி போய் கேஸ் வந்தது. செங்கல் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

மேட்டர் இங்கதான். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டு கிட்டத்தட்ட 2 டன். கீழே இருக்கறதை மட்டும் எடுத்தா மேல இருக்கற மொத்தமும் அந்தரத்துல. உடனே விழாது, அதான் ஆபத்து. முதல்ல கட்டுமான இஞ்சினியர் கணக்குப் போடணும், கவுன்சில் அனுமதி வேணும். மேல்பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு உத்தரம் ஏத்தின பிறகே கீழே கை வைக்கணும். முழுசும் எடுக்கறதுன்னா கூரையில் ஆரம்பிச்சு கீழே வரணும். பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர். 1996 சட்டப்படி ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். அவங்க புகைக்குழாய் உடைஞ்சா கார்பன் மோனாக்சைடு கசியும். வாசனையே இருக்காது.

"முதல்ல பரண்ல ஏறிப் பாருடா"ன்னேன். ஏறினா, மாடி அறையில் யாரோ எப்பவோ இடிச்சுப் பூசியிருக்காங்க. மிச்ச சிம்னி மொத்தமும் ரெண்டு மரக்கட்டை மேல உட்கார்ந்திருக்கு. நேர் கீழே குழந்தையோட தொட்டில்!

அன்னிக்கே தொட்டிலை வேற அறைக்கு மாத்திட்டு இஞ்சினியரைக் கூப்பிட்டாங்க. சோபா இன்னும் கடையிலதான் இருக்கு.