ஸ்ரீபாக் ஒப்பந்தமும் சென்னைக்கான போட்டியும்: ஒரு மொழியினரை ஒன்றாக்கியதன் அரசியல் பொருளாதாரம்

ஒரே மொழி பேசும் மக்கள் பல ஆட்சிகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கும்போது அவர்களை ஒன்றாக்குவது எப்படி என்ற கேள்விக்கு, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா தந்த பெரிய விடை ஜெர்மனி. 1815இல் 39 அரசுகளின் தளர்ந்த கூட்டாக இருந்த நிலப்பரப்பு 1871 ஜனவரியில் பேரரசாக அறிவிக்கப்பட்டது. இதில் பிஸ்மார்க்கின் போர்களுக்கு உள்ள இடம் எல்லோரும் அறிந்தது. அதற்கு ஒரு தலைமுறை முன்னரே, 1834 ஜனவரி 1 அன்று, பிரஷ்யாவின் தலைமையில் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த ஒன்றியத்தின் உயிர்நாடி அதன் பங்கீட்டு விதி: எல்லையில் வசூலாகும் சுங்கம் உறுப்பு அரசுகளுக்கு மக்கள்தொகை விகிதத்தில் பிரித்துத் தரப்பட்டது. வருவாய் குறைந்த சிறிய அரசுகளின் கஜானாவுக்கு இது நிச்சயமான வரவு. பிரஷ்யாவை உள்ளூர வெறுத்த மன்னர்களும் கையெழுத்திட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பொதுச் சந்தை தானாகவே அரசியல் ஒற்றுமையைக் கொண்டுவந்துவிடவில்லை. 1866 போரில் பவேரியா, சாக்சனி, ஹனோவர் ஆகிய ஒன்றிய உறுப்பினர்களே ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவை எதிர்த்தன. பெருந்துறைமுகமான ஹாம்பர்க், பேரரசு அமைந்த பிறகும் சுங்க எல்லைக்குள் வர மறுத்தது. துறைமுகத்தின் ஒரு பகுதி வரியற்ற வளாகமாக நீடிக்கும் என்ற உறுதியைப் பெற்ற பிறகே 1888இல் உள்ளே வந்தது. மொழி ஒன்றாயினும் வருவாய், துறைமுகம், தலைநகர் ஆகிய மூன்றும் தனித்தனியே பேசித் தீர்க்கப்பட வேண்டியவை என்பதற்கு ஹாம்பர்க் நல்ல சான்று.

சென்னை மாகாணத்தின் கதை இதற்கு நேர் தலைகீழ். இங்கே ஒரே கஜானா, ஒரே உயர் நீதிமன்றம், சென்னையை மையமாகக் கொண்ட ரயில் பாதைகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மொழிதான் பலவாக இருந்தது. தெலுங்கரை ஓர் ஆட்சியின் கீழ் ஒன்றாக்குவதென்றால் இந்தப் பொதுப் பொருளாதாரத்தை அறுக்க வேண்டும். அறுக்கும் இடத்தில் சென்னை நகரம் இருந்தது. 1937 முதல் 1953 வரை நடந்த அந்தப் பேரத்தின் முக்கியக் கட்டங்கள் பல மயிலாப்பூரின் எல்லைக்குள்ளேயே நடந்தன. மொழிவழி மாநில வரலாறு பெரும்பாலும் உணர்ச்சியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதைப் பங்கீட்டின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தெலுங்கு மாவட்டங்கள் பொருளாதாரத்தில் ஒரே தரத்தில் இருக்கவில்லை. ஆர்தர் காட்டன் 1852இல் முடித்த தவளேஸ்வரம் அணையும், அதைத் தொடர்ந்து பெஜவாடாவில் எழுந்த கிருஷ்ணா அணையும் கடலோரத்தை நெற்களஞ்சியமாக்கின. உபரி நெல் பணமாயிற்று, பணம் கல்லூரிகளாகவும் அச்சகங்களாகவும் மாறியது. மேற்கே கடப்பை, கர்நூல், அனந்தபூர், பல்லாரி ஆகியவை 1800இல் நிஜாம் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த வறண்ட மாவட்டங்கள். 1876-78 பஞ்சம் அவற்றை நொறுக்கிப் போட்டது. இப்பகுதியே பின்னர் ராயலசீமா என்று அறியப்பட்டது. சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் ரயில் பாதை கடப்பை, குண்டக்கல் வழியாகவே போகிறது. அதனால் அம்மாவட்டத்து இளைஞன் படிப்புக்கும் வழக்குக்கும் வேலைக்கும் சென்னைக்கு வருவதே இயல்பாக இருந்தது.

1913இல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மகாசபை தனி மாகாணக் கோரிக்கையை முன்வைத்தபோது ராயலசீமாவில் தயக்கம் எழுந்தது இந்தப் பின்னணியில்தான். சென்னையின் ஆதிக்கம் போய்க் கடலோரத்தின் ஆதிக்கம் வந்தால் தங்களுக்கு என்ன லாபம் என்று அவர்கள் கேட்டார்கள். 1926இல் ஏற்பட்ட ஆந்திரப் பல்கலைக்கழகம் எங்கே அமைவது என்ற சண்டை அந்த ஐயத்தை வளர்த்தது. கடைசியில் அது கடலோரத்து வால்டேரில் நிலைகொண்டது. தெலுங்கர் ஒற்றுமைக்கு வெளியே இருந்த தடையைவிட உள்ளே இருந்த தடை பெரிது என்று 1930களின் தலைவர்கள் கண்டுகொண்டார்கள். இந்தத் தெளிவு அவர்களுடைய பெரிய தகுதி என்றே நான் கருதுகிறேன்.

1937 நவம்பர் 16 அன்று இரு பகுதித் தலைவர்களும் மயிலாப்பூரில் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் இல்லமான ஸ்ரீபாக்கில் கூடினார்கள். அமிர்தாஞ்சன் வலி மருந்தை உருவாக்கிய தொழிலதிபர், ‘ஆந்திர பத்திரிகா’வின் ஆசிரியர் என்ற இரண்டு முகங்களும் கொண்ட மனிதர் அவர். லஸ் சர்ச் சாலையில் இன்று காலை நடைக்குப் போகிறவர்கள் அறிந்த நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பட்டாபி சீதாராமய்யா, கொண்டா வெங்கடப்பய்யா, கடப்பை கோடி ரெட்டி, கல்லூர் சுப்பா ராவ் முதலியோர் அன்று கையெழுத்திட்டார்கள்.

ஒப்பந்தத்தின் ஷரத்துகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாவது கல்வி: ஆந்திரப் பல்கலைக்கழகம் வால்டேரில் இருக்கட்டும், அனந்தபூரிலும் ஒரு மையம் வேண்டும். அடுத்தது நீர்: துங்கபத்திரை, கிருஷ்ணா, பெண்ணை ஆறுகளின் நீரைப் பயன்படுத்துவதில் 10 ஆண்டுகளுக்கோ, தேவைப்படும் காலத்துக்கோ ராயலசீமாவுக்கும் நெல்லூருக்கும் முன்னுரிமை. சட்டமன்றத்தில் பொதுத் தொகுதிகளை மாவட்ட வாரியாகச் சமமாகப் பிரிக்க வேண்டும். மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் நெருக்கமாக மக்கள் வாழும் டெல்டா மற்றவர்களை விழுங்கிவிடும் என்பதற்கான காப்பு இது. நான்காவது தலைநகர்: பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் மூன்றும் ஓரிடத்தில் குவியக் கூடாது. செயலகம், உயர் நீதிமன்றம் இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ராயலசீமாவுக்கு.

ஒரு மொழியினரின் ஒற்றுமைக்கு இப்படி முன்கூட்டியே விலை பேசி எழுதி வைத்த உதாரணம் இந்திய வரலாற்றில் அரிது. சுங்க ஒன்றியத்தின் பங்கீட்டு விதிக்கு நிகரான இடத்தை ஸ்ரீபாக் பெறத் தக்கது. ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஜெர்மன் விதி ஆண்டுதோறும் கணக்குப் பார்த்துப் பணமாகக் கைக்கு வந்தது. ஸ்ரீபாக் தந்தது நாளை அமையப்போகும் ஓர் அரசின் வாக்குறுதி. அதை நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த எந்த அமைப்பும் ஏற்படுத்தப்படவில்லை. சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியையும் அது தீர்க்கவில்லை.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு கடினமாயிற்று? நகரம் அமைந்ததிலும் வளர்ந்ததிலும் இரு மொழியினருக்கும் பங்கு இருந்தது. தியாகராய நகரின் வரைபடமே இதைச் சொல்லும்: பிட்டி தியாகராய செட்டியின் பெயரில் பேட்டை, பனகல் அரசர் பெயரில் பூங்கா, சௌந்தரபாண்டிய நாடார் பெயரில் பாண்டி பஜார். முன்னிருவரும் தெலுங்கு வழியினர். நீதிக்கட்சிக் காலத்துச் சென்னையில் இப்பெயர்கள் அக்கம்பக்கமாக இருப்பதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. பின்னாளில் ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்த பொட்டி ஸ்ரீராமுலுவே 1901இல் இந்நகரில் பிறந்தவர்தான்.

உணர்ச்சிக்கு அடியில் வருவாய்க் கணக்கும் ஓடியது. 1939இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த பொது விற்பனை வரி, மாகாணத்தின் முக்கிய வருவாய்களில் ஒன்றாக வளர்ந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுதும் விரிந்து கலால் வருமானம் வற்றிய பிறகு அதன் எடை இன்னும் கூடியது. சரக்கு விளைவது ஓரிடம், வரி பதிவாவது மொத்த வியாபாரியும் வங்கியும் துறைமுகமும் இருக்கும் நகரம். ஆந்திர மாவட்டங்களின் உழைப்பும் சேர்ந்து கட்டிய செயலகம், மருத்துவமனைகள், கல்லூரிகள் அனைத்தும் இங்கே. வெறுங்கையோடு வெளியேறச் சொல்கிறீர்களா என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் இருந்தது. நகரைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு மாவட்டமும் நகர மக்களில் பெரும்பான்மையினரும் தமிழர் என்ற எதிர்வாதம் அதைவிட வலுவானது என்றாலும், இழப்பீட்டுக் கேள்வி அதனால் மறைந்துவிடவில்லை.

1948 டிசம்பரில் தார் ஆணையம் மொழிவழி மாகாணங்களே வேண்டாம் என்றது. 1949 ஏப்ரலில் நேரு, படேல், பட்டாபி மூவர் குழு ஒரு வாசலைத் திறந்தது: சென்னை நகரின் மீதான உரிமையை விட்டுவிட்டால் ஆந்திரம் அமையலாம். அதே ஆண்டு குமாரசாமி ராஜா தலைமையில் பிரிவினைக் குழு கூடியது. தலைநகர் விஷயத்தில் ஆந்திரத் தலைவர் பிரகாசம் மாற்றுக் குறிப்பு எழுதினார். ஒருமித்த கருத்து இல்லை என்பதைக் காரணமாக வைத்துத் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 1952 பொதுத்தேர்தலில் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. தெலுங்கு மாவட்டங்களில் கம்யூனிஸ்டுகள் பெருவாரியாக வென்றார்கள்.

1952 அக்டோபர் 19 அன்று, முன்னாள் சட்டமன்றத் தலைவர் புலுசு சாம்பமூர்த்தியின் மயிலாப்பூர் இல்லத்தில், சென்னையோடு கூடிய ஆந்திர மாநிலம் கேட்டு ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் நீத்தார். நெல்லூர் முதல் விசாகப்பட்டினம் வரை கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. டிசம்பர் 19 அன்று நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார், சென்னை நகரம் நீங்கலாக. ஒரு மனிதரின் உயிர் மாநிலத்தை விரைவுபடுத்தியது. அவர் கேட்ட தலைநகரைப் பெற்றுத்தர அந்த உயிராலும் முடியவில்லை.

இறுதிச் சுற்று 1953இன் தொடக்கத்தில் நடந்தது. பிரிவினையின் நிதி விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி வாஞ்சு, ஆந்திர அரசு தற்காலிகமாகச் சென்னையிலேயே இயங்கலாம் என்று கருதினார். நிர்வாகக் கண்ணில் பார்த்தால் இது சிக்கனமான யோசனை. தமிழர் பார்வையில் தற்காலிகம் நிரந்தரமாகும் ஆபத்து இருந்தது. தமிழரசுக் கழகத்தின் ம.பொ. சிவஞானம் ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகப் பேசினார். மேயர் செங்கல்வராயன் காலத்து மாநகராட்சி மன்றம் நகரம் தமிழருக்கே என்று தீர்மானம் போட்டது. முதல்வர் ராஜாஜியும் இரண்டு அரசுகள் ஒரே நகரில் இருப்பதை ஏற்கவில்லை. கட்சி எல்லைகளைத் தாண்டிய அந்த ஒருமைப்பாடுதான் வென்றது. 1953 மார்ச் 25 அன்று, புதிய மாநிலத்தின் தலைநகர் அதன் எல்லைக்குள்ளேயே அமையும் என்று நாடாளுமன்றத்தில் நேரு அறிவித்தார்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் கர்நூலில் பிறந்தது. ஸ்ரீபாக் தந்த உரிமையின்படி ராயலசீமா தலைநகரைத் தேர்ந்துகொண்டது, உயர் நீதிமன்றம் குண்டூருக்குப் போயிற்று. ஒப்பந்தத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் கர்நூலில் அலுவலகம் நடத்தக் கட்டடம் இல்லை, ஊழியர்கள் கூடாரங்களில் வேலை பார்த்தார்கள். பற்றாக்குறை வரவு செலவோடு தொடங்கிய அரசுக்கு மதுவிலக்கும் சேர்ந்து பாரமானது. 1954 நவம்பரில் பிரகாசம் அமைச்சரவை கவிழ்ந்ததும் மதுவிலக்குப் பிரச்சினையில்தான்.

இந்த நிதி நெருக்கடியைக் கணக்கில் கொள்ளாமல், 1956இல் ஆந்திரமும் தெலங்கானாவும் இணைந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. ஹைதராபாத் ஒரு தலைநகருக்கு வேண்டிய எல்லாம் அமைந்த நகரம். தெலங்கானாவின் கலால் வருமானம் கணிசமானது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் அவசரப்பட வேண்டாம் என்றது. தெலங்கானா தனியாக இருக்கட்டும், 1961 வாக்கில் தேர்தலுக்குப் பின் அங்குள்ள சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு விரும்பினால் இணையலாம் என்பது அதன் பரிந்துரை. அதை ஒதுக்கிவிட்டு 1956 பிப்ரவரி 20 அன்று டில்லியில் இரு தரப்புத் தலைவர்களும் கனவான்கள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தெலங்கானாவின் உபரி வருவாய் அங்கேயே செலவிடப்படும், வேலையில் உள்ளூரார்க்கு முன்னுரிமை என்று அதில் எழுதியிருந்தது. 1969இல் கிளர்ச்சி வெடித்தபோது சண்டையின் மையம் அந்த உபரிதான். எவ்வளவு உபரி என்று கணக்கிட நீதிபதி பார்கவா தலைமையில் குழு போட வேண்டியதாயிற்று. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிரிந்தது. அப்போதும் கடைசிவரை இழுபறியாக இருந்தது ஹைதராபாத் நகரம்தான்.

தமிழர் பக்கமும் இதே தர்க்கம் வேலை செய்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையின் ஒரு பகுதி ஆகியவை தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954இல் குண்டடி பட்டு மாண்டவர்களின் ரத்தம் அதற்கு விலை. தேயிலைத் தோட்டங்களும் பெரியாற்று நீர்ப்பிடிப்பும் கொண்ட தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. வடக்கே படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பியது. திருப்பதி திரும்பவில்லை.

ஜெர்மனியின் இரண்டாவது இணைப்பு இந்த ஒப்பீட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. 1990 ஜூலை 1 அன்று கிழக்கின் கூலியும் ஓய்வூதியமும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மேற்கு மார்க்காக மாற்றப்பட்டன. அக்டோபர் 3 அன்று அரசியல் இணைப்பு நடந்தது. உற்பத்தித்திறன் குறைந்த கிழக்குத் தொழிற்சாலைகள் ஒரே இரவில் மேற்கின் நாணயத்தில் கூலி கொடுக்க வேண்டிவந்தபோது தாக்குப்பிடிக்க முடியவில்லை. வேலையிழப்பு பெருகியது. ஆனால் அந்த நாடு 1991இலேயே ஒற்றுமைக் கூடுதல் வரியை விதித்து, ஆண்டுக்கணக்காகக் கிழக்குக்குப் பணம் அனுப்பியது. தலைநகரையும் வாக்கெடுப்பில் தீர்த்தது: 1991 ஜூன் 20 அன்று பெர்லினுக்கு 338, பானுக்கு 320. அத்தனை செலவுக்குப் பிறகும் கிழக்கின் மனக்குறை தீர்ந்தபாடில்லை.

ராயலசீமாவுக்கு அப்படி ஒரு நிரந்தரப் பங்கீட்டு ஏற்பாடு இன்றுவரை வாய்க்கவில்லை. 1956இல் தலைநகர் கர்நூலை விட்டு ஹைதராபாத் போயிற்று, உயர் நீதிமன்றமும் அங்கேயே போயிற்று. 2014க்குப் பின் புதிய தலைநகர் கடலோரத்து அமராவதி என்று முடிவானது. 2020இல் மூன்று தலைநகர் சட்டம் கொண்டுவந்து உயர் நீதிமன்றத்தைக் கர்நூலுக்கு மாற்ற முயன்றபோது, அந்த விவாதத்தில் 1937ஆம் ஆண்டு மயிலாப்பூர் ஒப்பந்தம் மீண்டும் எடுத்துக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றம் அமராவதியில் இருக்கிறது.