பாலாற்றங்கரை நிலத்துக்கு ஏக்கர் ஏழாயிரம்

விவசாயிக்கு அரசு உதவி என்றால் விதை மானியம், சொட்டுநீர் மானியம், பயிர்க் காப்பீடு என்று அடுக்குவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு பணமும் வந்தது. அது எந்த மானியத் திட்டத்திலும் வந்ததல்ல, கோர்ட்டுக்குப் போய் வாங்கியது. இன்றைய பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதை தெரியாது.

முன்பு ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுத்தது. குரோமியம் முறை பெருகியது. டேனரிகளால் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது உண்மை. உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர் பாலாற்றில் இறங்கி, கிணற்று நீர் கரித்ததும் உண்மை.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ் என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது: கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும். தீர்ப்பு இரண்டு கணக்குச் சொன்னது. ஒன்று, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு. இன்னொன்று, மண்ணையும் நீரையும் மீட்கும் செலவு.

முதல் கணக்கை ஓய்வுபெற்ற நீதிபதி பாஸ்கரன் தலைமையிலான ஆணையம் பார்த்தது. 2001 மார்ச்சில் வந்த அதன் உத்தரவுப்படி 186 கிராமங்களில் 15,165 ஹெக்டேருக்கு, 29,193 பேருக்கு, ரூ.26.82 கோடி. கேட்கப் பெரிய தொகை. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஏறக்குறைய 9,200 ரூபாய், ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். அதுவும் 1991 முதல் 1998 வரை நேர்ந்த நஷ்டத்துக்கு. வருஷத்துக்கு ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய்கூடத் தேறாது.

இரண்டாவது கணக்கு இன்னும் தீரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது: விடுபட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும்; அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும்; பாதிப்பு முழுதும் சீராகும்வரை அவர்கள் பொறுப்பு தீராது.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது; ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பழைய பட்டா, சிட்டா, அடங்கல், இழப்பீட்டு ரசீது எதையும் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் மாற்றிவிடுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவை எழுத்தில் வாங்கி வையுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவே கொடுங்கள்.

அன்று 29,193 பேர் கணக்கில் வந்தார்கள் என்றால், அவர்கள் நிலம் ஏட்டில் இருந்ததால்தான்.