‘வல்லவன்’ தந்த குழு



2006-ஆம் ஆண்டு ‘வல்லவன்’ எனும் இசைத்தொகுப்பு வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நியாலாஸ் வட்டாரத் தோட்டப்புறத்தைச் சேர்ந்த என் ஆறாம் ஆண்டு மாணவன், கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதன் பாடல் வரிகளை நெருக்கி எழுதி வைத்திருந்தான். கண்டித்துப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அத்தொகுப்பை வழங்கிய யோகி பி – நட்சத்ரா குழுவைப் பற்றி அப்போது நான் ஏதும் அறிந்திருக்கவில்லை.

1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்பவர், ஃபங்க் இசைத்தட்டுகளின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அத்தகைய தாளத்தின்மேல் பேச்சுநடையில் சொல்லடுக்கிப் பாடும் முறையே ரேப் எனும் சொல்லிசையாக வளர்ந்தது. நம் நாட்டில் அதைக் கைக்கொண்ட ‘பொயடிக் அம்மோ’ குழு, 1998-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவுக்கு ஆங்கிலமே முதன்மை மொழி. தமிழுக்கும் சிறிது இடமிருந்தது.

அக்குழுவினரில் ஒருவரான யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் இணைந்து தமிழையே முதன்மையாக்கினார். அதன் விளைவே ‘வல்லவன்’. 1980-இல் வெளியான ‘நிழல்கள்’ திரைப்படத்திற்காக இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலை, இவர்கள் சொல்லிசையோடு புதுப்பித்துப் பாடினர். பெற்றோரின் பாடலும் பிள்ளைகளின் தாளமும் அங்கே ஒன்றாயின. சென்னைப் பாடல்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இப்பாடலோ இங்கிருந்து தமிழகம் சென்றது. 2007-இல் ‘பொல்லாதவன்’ திரைப்படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது.

ஆயினும் குழு நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் மூவரும் தத்தம் வழியே பிரிந்தனர். யோகி பி 2011-இல் ‘ஆடுகளம்’, 2017-இல் ‘விவேகம்’ ஆகிய படங்களிலும் பாடினார். குழுவின் பெயரைச் சொன்னால் இன்றும் பலர் நினைவுக்கு வருவது அந்த ஒரு தொகுப்புத்தான்.

ஒரு வாரம் கழித்து அம்மாணவனை அழைத்தேன். எதுகையைப் பாடநூல் கொண்டு பலமுறை விளக்கியும் அவனுக்கு விளங்கியதில்லை. “இவ்வரிகளில் எதுகை எங்கேயப்பா?” என்று கேட்டேன். “இங்கே சார், இங்கேயும்” என்று தயங்காமல் கோடிட்டுக் காட்டினான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வெட்கப்பட்டவன் நானே.

பெற்றோர்களே, பிள்ளைகளின் புத்தகத்தில் இத்தகைய வரிகளைக் கண்டால், கண்டிக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.