கப்சாய்: ஒரு சிறு மோட்டார் சைக்கிளின் வரலாறும் நம் பிள்ளைகளின் முதல் கைப்பணியும்



பழைய ‘கப்சாய்’ ஒன்றை வாங்கிப் பிரித்துத் தம் விருப்பம்போல் மாற்றியமைக்கும் ஆர்வம் இன்று இளைஞர் பலரிடம் காணப்படுகின்றது. பெற்றோர் பலர் இதனை அச்சத்தோடு நோக்குகின்றனர். ‘மாட் ரெம்பிட்’ எனப்படும் சாலைப் பந்தயக் கூட்டத்தில் பிள்ளை சேர்ந்துவிடுவானோ என்பதே அவ்வச்சம். அது நியாயமானது. ஆயினும் இவ்வண்டியின் வரலாற்றை அறிந்தால், இளைஞரை எவ்வழியில் நடத்தலாம் என்பது தெளிவாகும் என்பது என் கருத்து.

கப்சாய் பிறந்ததே ஒரு மாற்றியமைப்பிலிருந்துதான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானில் போக்குவரத்து வசதி பெரிதும் குன்றியிருந்தது. 1946இல் சொய்ச்சிரோ ஹோண்டா என்பவர், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் அளிக்கப் பயன்பட்ட சிறு இயந்திரங்களை வாங்கி, அவற்றை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். அவர் 1948இல் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கினார். 1952இல் மிதிவண்டியில் பொருத்தும் ‘கப்’ என்னும் இயந்திரம் வெளிவந்தது. 1956இல் அவரும் அவருடைய பங்காளி தக்கேயோ புஜிசாவாவும் ஐரோப்பா சென்று, அங்கு ஓடிய சிறு வண்டிகளைக் கண்டு வந்தனர். அதன் விளைவாக 1958 ஆகஸ்டு மாதம் ‘சூப்பர் கப்’ விற்பனைக்கு வந்தது. இயந்திரம் 49 சிசி. விலை 55,000 யென்.

அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப்பையனும் ஓட்ட வேண்டும் என்பதால் கிளட்ச் பிடி நீக்கப்பட்டது. பாவாடை அணிந்த பெண்களும் எளிதாக ஏற வேண்டும் என்பதால் நடுப்பகுதி தாழ்வாக அமைந்தது. மேடுபள்ளமான மண்சாலைகளுக்காக 17 அங்குலச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. சேறும் காற்றும் கால்களில் படாதிருக்க பிளாஸ்டிக் கவசம் வந்தது. சங்கிலி முழுவதும் உறையினுள் மூடப்பட்டது. சிறு வண்டிகளில் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரமே மலிந்திருந்த அக்காலத்தில், எரிபொருளை மிச்சப்படுத்தும் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தை ஹோண்டா தேர்ந்தெடுத்தார்.

நம் நாட்டிற்கு இவ்வண்டியைக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த டான்ஸ்ரீ லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவியும் மெக்கானிக்காக உழைத்தும் உயர்ந்தவர் அவர். 1958இல் ஜப்பான் சென்றபோது இவ்வண்டியைக் கண்டு, மலாயாவில் அதன் விநியோக உரிமையைப் பெற்றார். ‘கப்’ என்ற பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் ‘சாய்’ என்ற சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்று.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. என் தந்தையாரின் சி70 வண்டி விடியலில் பால்மரக் காட்டிற்கும், பின்னர் எங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கும், மாலையில் அரிசி மூட்டையோடு லயத்திற்கும் ஓடியது. பழுதானால் அவரே வாசலில் அமர்ந்து பிளக்கைக் கழற்றித் துடைப்பார். சாதாரண மனிதனும் தன் கையால் பழுது பார்க்கத்தக்க எளிமையே அவ்வண்டியின் பெருஞ்சிறப்பு. 2017இல் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம்.

இனி, இளைஞரின் கைப்பணிக்கு வருவோம். வண்டியை அழகுபடுத்த எண்ணுவோர் பலர் முதலில் செய்வது பின்பக்க மட்கார்டை அறுப்பதாகும். பழைய கப்சாயில் அது தனி உறுப்பன்று; அழுத்தி வார்த்த எஃகுச் சட்டத்தின் ஒரு பகுதி. அதனை அறுத்தால் வண்டியின் எலும்பையே அறுத்ததாகும்; மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது. அவ்வாறே, 72 சிசி இயந்திரத்தின் ‘புளோக்கை’ மாற்றி வேகத்தைக் கூட்டுவோர், அதன் சிறிய டிரம் பிரேக் அந்த வேகத்திற்காக அமைந்ததன்று என்பதை மறந்துவிடுகின்றனர். மங்கலான 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டாக மாற்றுவது நல்லதுதான். ஆனால் பல்பை மட்டும் மாற்றினால் போதாது. சுருள், மின்னழுத்தச் சீராக்கி, பேட்டரி, ஹாரன் என அனைத்தும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அசையும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையில் கற்பிக்க முடியும்?

ஆகவே, முதல் வண்டியைத் தொடும் பிள்ளைக்கு நான் கூறும் முறை இது. ‘கிராண்ட்’ எனப்படும் பதிவுப் பத்திரத்தில் உள்ள இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, திருகாணிகளைத் தனித்தனி டப்பாக்களில் பெயரெழுதி வைக்க வேண்டும். ஜப்பானியத் திருகாணிகளின் தலைக்குச் சாதாரணக் குறுக்குத் திருப்புளி சரியாகப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். அதற்குரிய திருப்புளியையே வாங்க வேண்டும். முதலில் பிரேக், டயர், சங்கிலி. அடுத்துக் கார்புரேட்டர், பாயிண்ட், எண்ணெய். நிறமும் அழகும் இறுதியில்தான். நிறத்தையோ இயந்திரத்தையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு விதி உண்டு. ஓர் உறுப்பு ஏன் அங்கு இருக்கின்றது என்று சொல்லத் தெரிந்த பின்னரே அதனை நீக்க வேண்டும். மாற்றம் தவறன்று, ஹோண்டாவும் மாற்றியமைத்தவர்தாம். ஆனால் அவர் மக்களின் தேவையை அறிந்து மாற்றினார். காரணம் அறியாமல் அறுப்பதற்கும் காரணம் அறிந்து அமைப்பதற்கும் உள்ள தொலைவே, சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் இளைஞனுக்கும் தொழில் கற்கும் இளைஞனுக்கும் உள்ள தொலைவாகும்.

பெற்றோர்களே, பிள்ளை பழைய வண்டியொன்றைக் கேட்டால் உடனே மறுத்துவிடாதீர்கள். உரிமமும் தலைக்கவசமும் கட்டாயம் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பின்னர் அவன் அருகில் அமர்ந்து, “இந்த உறுப்பு எதற்கு?” என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். கல்வி அங்கே தொடங்கும்.