எந்தப் புலி? எங்கே புலி?

ஓசூர் காட்டைப் பற்றி வெளியுலகம் படித்ததில் பெரும்பகுதி ஒரு வேட்டைக்காரர் எழுதியது. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர்க்காரர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று அன்றைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் அவர் கால் படாத காடு குறைவு. 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலிக்குத் தனிக் கதை உண்டு. துணை தேடிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் புலிக்கு ஆண்புலியின் குரலில் பதில் சொல்லி, தன்னை நோக்கி வரவழைத்துச் சுடுகிறார்.

நான் சூளகிரிக்காரன், மென்பொருள் வேலை. ஆண்டர்சனைப் படிக்கும்போது தொழில்புத்தி குறுக்கே வந்துவிடும். இந்த ஆளுக்கு என்னென்ன தகவல் கிடைத்தது? எவ்வளவு தாமதமாகக் கிடைத்தது? மணலில் பதிந்த கால்தடம், பாதி தின்றுவிட்டுப் போன மாடு, மரத்திலிருந்து குரங்கு போடும் கூச்சல், ஊர்க்காரர்கள் சொல்லும் செய்தி. எல்லாமே சில மணி நேரம், சில நாள் பழையவை. அவற்றை வைத்துக்கொண்டு அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. ஆளை அடித்தது எந்தப் புலி? அது இப்போது எங்கே? முதல் கேள்விக்கு அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஊகம். சுட்டது சரியான புலிதானா என்பது, அதற்குப் பிறகு சாவு நின்றால்தான் தெரியும்.

இன்று அந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தானியங்கிக் கேமரா. மரத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டால் போதும். முன்னால் உடல்சூடுள்ள ஏதாவது நகர்ந்தால் அகச்சிவப்பு உணரி விழித்துக்கொள்ளும். படம் எடுத்து மெமரி கார்டில் போட்டுவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். சிம் போட்ட வகை இன்னும் ஒரு படி மேலே: படத்தை அப்போதே நம் போனுக்கு அனுப்பிவிடும். இதை வேட்டைக்குப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் உபயோகம் உண்டா என்று உலகத்தின் பல மூலைகளில் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் நமக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

கேமரா காட்டுக்குள் வந்ததே வேட்டைக்காரர்கள் கையில்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் என்ற வழக்கறிஞர், இரவில் படகின் முனையில் விளக்கு வைத்து மானின் கண்ணைக் கூசவைத்துச் சுடும் பழைய வேட்டை முறையைப் பழங்குடிகளிடம் கற்றவர். பிறகு துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். மிருகமே கம்பியை இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது.

இந்தியாவில் அதைச் செய்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரி. புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, 1920-களில் காட்டுப்புலிகளை இரவில் படமெடுத்தார், 1927-ல் புத்தகமாக்கினார். அந்தப் படங்களில் ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஜிம் கார்பெட் துப்பாக்கியைக் குறைத்துக் கேமராவை எடுத்ததில் சாம்பியனின் செல்வாக்கு உண்டு. ஆக, துப்பாக்கியை விட்டவர்களின் கருவியாகத்தான் கேமரா இங்கே அறிமுகமானது.

வரி என்பது புலியின் கைரேகை என்று தெரிந்தும், அரசாங்கம் ரொம்ப காலம் கால்தடத்தை வைத்தே புலிகளை எண்ணியது. 2005 வாக்கில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட இல்லை என்று வெளிப்பட்டபோதுதான் அந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்று உறைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, நம் பக்கத்து நாகரஹொளெயில், உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராவையும் புள்ளியியலையும் சேர்த்து ஒரு முறையைக் காட்டியிருந்தார். 1995-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. அதனால் பாதையின் இருபுறமும் ஜோடியாகக் கேமரா வைக்க வேண்டும். 2018 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3.48 கோடிப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலி இருந்த படங்கள் 76,651. கின்னஸ் சாதனையாகவும் அது பதிவானது.

எண்ணுவது சரி, வேட்டை? இந்தியாவில் வேட்டை என்பது சட்டத்தில் ஒரு சின்னச் சந்தாகச் சுருங்கிவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாடத் தலைமை வன உயிரினக் காப்பாளர் ஆணையிடலாம். அந்தச் சந்தில் கேமரா என்ன செய்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு: கூடலூர், மசினகுடிப் பகுதியின் டி-23 புலி.

2021 செப்டம்பர் கடைசி. நான்கு பேர் சாவுக்கு அந்தப் புலியே காரணம் என்று சொல்லப்பட்டது. ஜனங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வேட்டைக்கு ஆணை வந்தது, வழக்கும் வந்தது. உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கும்கி, டிரோன், மோப்ப நாய், மயக்க ஊசியோடு மருத்துவர்கள், ஏராளமான தானியங்கிக் கேமராக்கள். இருந்தும் சில நாட்கள் புலி எந்தக் கேமராவிலும் படவில்லை. பட்ட நாளிலும், படத்தைப் பார்த்து ஆள் போய்ச் சேர்வதற்குள் புலி வேறெங்கோ. 21 நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

இதில் கேமராவின் சாமர்த்தியம் எது, கையாலாகாத்தனம் எது? "எங்கே" என்ற கேள்விக்கு அது அரைகுறையாகத்தான் பதில் சொன்னது. "எந்தப் புலி" என்பதற்குத் தெளிவாகச் சொன்னது. அந்தக் காடு நெடுகப் புலிகள் உண்டு. வரியை ஒப்பிட்டு, "இது அது இல்லை" என்று சொல்ல முடிந்ததால் வேறு புலி எதுவும் பழிக்கு ஆளாகவில்லை. ஆண்டர்சனுக்குக் கிடைக்காதது இதுதான். ஒரு உயிரைக் குற்றம் சாட்டுமுன் அடையாளம் பார்ப்பது குறைந்தபட்ச நியாயம். அதற்கு உதவும் கேமராவை எதிர்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சண்டை "எங்கே" பற்றியது. அமெரிக்காவில் வேட்டை சட்டப்படியான பொழுதுபோக்கு. அங்கேயே அரிசோனா மாநிலம் 2021 ஜூனில் வேட்டைக்காகத் தானியங்கிக் கேமரா வைப்பதைத் தடை செய்து, 2022 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. அது வறண்ட நிலம். தண்ணீர் இருக்கும் இடம் கொஞ்சம். அத்தனை குட்டையிலும் ஆளாளுக்குக் கேமரா கட்டினால் மிருகம் எங்கே போகும்? தாகம் எடுத்த ஜீவன் வரத்தானே வேண்டும்? நெவாடாவும் யூட்டாவும் வேட்டைப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் கட்டுப்பாடு கொண்டுவந்தன.

இதில் வேடிக்கை, இந்த வாதம் நமக்குப் பழையது. வேட்டைக்கு உரிமம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தின் 1972 சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 17-ஆம் பிரிவு பெரிய பட்டியல்: வண்டியில் இருந்தபடி சுடக்கூடாது, செயற்கை வெளிச்சம் போட்டுச் சுடக்கூடாது, நீர்நிலையிலும் உப்புநக்கியிலும் அதற்குப் போகும் வழியிலும் விலங்கை வேட்டையாடக்கூடாது. 1991 திருத்தத்தில் பொழுதுபோக்கு வேட்டையே ஒழிந்தபோது இந்தப் பிரிவும் போய்விட்டது. ஆனால் அதன் அறிவு பழசாகவில்லை. தவிர்க்க முடியாத தேவைக்காக ஒரு உயிர் வந்து நிற்கும் இடத்தை அதன் பலவீனமாக ஆக்காதே என்பதுதான் அது சொன்னது. சிம் போட்ட கேமரா செய்வது அந்தப் பலவீனத்தை நம் பாக்கெட்டுக்குக் கொண்டுவருவதுதான்.

ஆனால் "எங்கே" என்ற தகவல் எப்போதுமே தப்பு என்றும் சொல்ல முடியாது. ஊர்ப்பக்கம் ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா, ஜவளகிரி வழியாக யானைகள் வந்து சானமாவு காட்டில் தங்கும். "ஆனை சானமாவுல நிக்குதாம், அந்தப் பக்கம் போவாதே" என்ற ஒரு வரி, இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறவனின் உயிரைக் காக்கும். கோவை மதுக்கரையில் 2024-ல் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் கேமரா வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் தகவல் போகும். ரயில் வேகம் குறைக்கும். அதுவும் "இப்போது எங்கே" என்ற தகவல்தான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? தகவல் கிடைத்தவன் எந்தத் திசையில் நகர்கிறான் என்பதில். விலகிப் போனால் அது எச்சரிக்கை. நெருங்கிப் போனால் அது வேட்டை. ஒரே பெட்டி, ஒரே படம்.

எங்கள் தெருவில் ராகியும் தக்காளியும் போடும் ஒருவர் போன வருஷம் கேட்டார்: "தம்பி, காட்டுப்பன்னி எந்த நேரத்துல எந்த வழியா பூருதுன்னு தெரியணும். ஆன்லைன்ல ஒரு கேமரா வாங்கிக் கட்டிக் குடு."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்கண்ணா?"

அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்: சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய், வேலியில் திருட்டு கரண்ட். அவர் நஷ்டம் பொய்யில்லை. ஒரு ராத்திரியில் ஒரு போகம் போய்விடும். 2025 ஜனவரியில் அரசு சொன்ன வழி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினரே சுடலாம் என்பது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது; இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதில் ஆறுதல் குறைவு. ஆனால் கேமரா பார்த்துக் கட்டிய மின்வேலி, பன்றி வருமென்று எதிர்பார்த்த இடத்தில் யார் வந்தாலும் கொல்லும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றன. நான் கேமரா வாங்கித் தரவில்லை. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதித் தந்தேன். அதை அவர் பெரிய உதவியாக நினைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கேமராவுக்கு முன்னால் மிருகம் மட்டும் வருவதில்லை என்பது இன்னொன்று. கார்பெட் புலிகள் காப்பகத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 270 பேரிடம் பேசி 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்களுக்குக் காடுதான் வீட்டுக்கும் ஊருக்கும் வெளியே கிடைத்த ஒரே தனிமை. கேமரா வந்தபின் அவர்கள் பாடுவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்கள். சத்தம் குறைந்தால் யானை, புலியோடு திடீரென்று முட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் ஊர் வாட்ஸப்பில் சுற்றியது. ஜனங்கள் கேமராக்களை உடைத்தார்கள். புலியை எண்ண வைத்த கருவி, எண்ணக்கூடாத ஆளையும் எண்ணிவிட்டது. சூளகிரி ஓரத்தில் ஆடு ஓட்டிப் போகிற பெண்களுக்கும் இது நாளைக்கு நடக்கலாம்.

நியாயத்தையும் நடைமுறையையும் தனித்தனியாகப் பேச இதில் இடமில்லை என்று நினைக்கிறேன். கேமரா எதில் நம்பகமானதோ அதிலேயே நியாயமானதாகவும் இருக்கிறது: அடையாளம் காண்பதில். படம் தாமதமாக, பொறுப்பேற்கும் ஒருவர் கைக்குப் போகட்டும். மனிதர் விழுந்த படம் அங்கேயே அழியட்டும். இன்ன இடத்தில் கேமரா இருக்கிறது என்று பக்கத்து ஊருக்குச் சொல்லிவிட்டு வைக்கட்டும். உடனடித் தகவல் வேண்டுமென்றால், அது ஊரைக் காட்டிலிருந்து விலக்கும் வேலைக்கு மட்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புலிகுத்திக் கற்கள் நிறைய. கையில் ஆயுதத்தோடு ஒரு ஆள், எதிரே பாயும் புலி. மாட்டையோ ஊரையோ காக்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். அவனுக்குப் புலி எங்கே என்று தெரிந்த அதே நொடியில் புலிக்கும் அவன் எங்கே என்று தெரிந்திருந்தது. அந்தக் காலம் திரும்பி வராது, வரவும் வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற இடத்தில், பார்க்கிறவன் மேல்தான் கட்டுப்பாடு அதிகம் இருக்க வேண்டும்.