மலையகத்தின் பிரஜாவுரிமைச் சான்றிதழும் சத்தியக் கடதாசியும்

பிரஜாவுரிமை பிறப்பாலேயே அமைந்துவிடும் நாட்டில் ஒருவரின் சான்றிதழ் தொலைந்து போவது வெறும் நிர்வாகச் சிக்கல்; சான்றிதழ் இருந்தால்தான் பிரஜை என்று சட்டம் வகுத்துவிட்ட இடத்திலோ, அந்தத் தாள் தொலைவதும் அதில் ஓர் எழுத்துப் பிழைபடுவதும் உரிமையையே கேள்விக்குள்ளாக்கிவிடும். இலங்கையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர், 1948 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக, இந்த இரண்டாம் நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தனர்.

அதற்கு முன்பும் அவர்களின் வாழ்க்கை ஆவணங்களால் சூழப்பட்டே இருந்தது. ஆனால் அவற்றுள் எதுவும் அவர்களுக்காக எழுதப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு, சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், அவருடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவார் என்று தோட்டத்துரை எழுதித் தந்த ‘துண்டு’ தேவைப்பட்டது. 1921இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் பெயர்களைக் குறித்த ‘செக்ரோல்’ என்னும் பேரேடு சம்பளக் கணக்குக்காக வைக்கப்பட்டது. ஆட்களை எண்ணவும் கடனை வசூலிக்கவும் உருவான இத்தாள்கள் யாவும் தோட்ட அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தனவேயன்றித் தொழிலாளரின் கைக்கு வந்து தங்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, இந்த நிலை பேரிழப்பாக மாறியது. வம்சாவளிப் பிரஜை என ஏற்கப்படுவதற்கு இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கு பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. பிறப்புப் பதிவு கட்டாயமாவதற்கு முன் பிறந்த முன்னோருக்குச் சான்றிதழ் தேடுவது கிராமத்துச் சிங்களவருக்கும் அரிதே. ஆனால் அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் தோட்டத்து மக்களே.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவின் மூலம் பிரஜையாகும் வழியைத் திறந்தது. விண்ணப்பிப்பதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. தொடர்ச்சியான வதிவை மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதற்கான ஏடுகளோ தோட்ட அலுவலகத்தில் இருந்தன. தோட்டம் மாறியவர்களும் ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் இடைப்பட்ட காலத்துக்கு ஆதாரம் காட்ட இயலாது திணறினர். ஏறத்தாழ 8 இலட்சம் பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்களில், 1964 வரை பிரஜைகளாக ஏற்கப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

சான்றிதழ் கிடைத்தவர்களுக்கும் கவலை தீரவில்லை. குடும்பத் தலைவரின் விண்ணப்பத்திலேயே மனைவியும் வயது வராத பிள்ளைகளும் சேர்க்கப்பட்டதால், பின்னாளில் பிள்ளைகள் தம் உரிமையை நிறுவத் தந்தையின் ஆவணத்தையே நாட வேண்டியிருந்தது; அது தொலைந்தால் குடும்பம் முழுவதும் ஆதாரமற்று நின்றது. பெயர்களின் குழப்பம் இதனினும் பெரிது. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத தமிழர், தம் பெயருக்கு முன் தந்தையின் பெயரை இட்டுக்கொள்வர். மணமான பெண்ணுக்குச் சில பதிவுகளில் தந்தை பெயரும் வேறு சிலவற்றில் கணவர் பெயரும் இடம்பெறும். பிறப்பேட்டில் முத்தம்மா எனவும் செக்ரோலில் முத்தாயி எனவும் ஒரே பெண் குறிக்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒருவரே என்று அவரே நிறுவ வேண்டும். பிழையைச் செய்தது எழுதியவரின் பேனா. திருத்தும் செலவும் அலைச்சலும் எழுதப்பட்டவருக்கு.

இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் என மதிப்பிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடி வடக்கே வன்னியில் குடியேறியவர்கள் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தனர். 1984இல் இராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் புறப்படாமல் பல்லாயிரவர் தங்கினர். கையில் இந்தியக் கடவுச்சீட்டு, வாழ்வு முழுவதும் இலங்கையில் என்பதாக அவர்களின் நிலை அமைந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது மேலும் கடுமையான சான்றுமுறையன்று. சான்றுக்கான கோரிக்கையைத் தளர்த்தியமையே ஆகும். இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்களை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பிரஜைகளாக ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் இலங்கையில் வசிக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உரிமை அளித்தது. கடவுச்சீட்டு இல்லாதவர் சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடும் பொதுப் பிரகடனமே போதுமானதாயிற்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோருக்குத் தனிப் பிரகடனம் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையோடு மலையகமெங்கும் நடமாடும் முகாம்கள் நடத்தப்பட்டு, பத்து நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இவ்வழியில் பிரஜாவுரிமை பெற்றனர். உள்நாட்டுப் போரினால் தமிழகம் சென்றிருந்தோர் வதிவு நிபந்தனையால் விடுபட்டிருந்த குறையை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது.

பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதால் பழைய பிழைகள் மறைந்துவிடவில்லை. தேசிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும், அது இல்லாதவருக்கு உத்தேச வயதைக் குறிக்கும் சான்றிதழும், பெயர் முரண்பட்டால் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் சத்தியக் கடதாசியும் கேட்கப்படுகின்றன. எனினும் அடிப்படை மாறியிருக்கிறது: 1949இல் தாள் இல்லாதவரின் சொல்லுக்கு மதிப்பில்லை; 2003இல் அவரது சொல்லே தாளை உருவாக்கியது. ஆவணங்களை ஒருபோதும் தாமாக எழுதிக்கொள்ள இயலாதிருந்த ஒரு மக்கள் கூட்டத்திடம் அவற்றைக் காட்டச் சொன்ன சட்டத்தின் குறையை உணர்வதற்கு, இலங்கை அரசுக்கு 54 ஆண்டுகள் பிடித்தன.